வெளிச்சமா, வெந்நீரா?

மேகமே இல்லாத மழை ஊர்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய புகைப்படங்களைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். 1917இல் கட்டி முடித்த ஈப்போ ரயில் நிலையம், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள், தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வரிசையாக நிற்கும் குடும்பங்கள் என்று எந்தப் படத்தை எடுத்தாலும் பெரும்பாலும் பின்னால் வானம் வெறும் வெள்ளை. பிற்பகலானால் கருத்துக்கொண்டு இடிமழை கொட்டுகிற வட்டாரம் அது. படம் பிடித்த நாள்களில் மட்டும் மேகம் விடுப்பில் போயிருக்குமா?

மேகம் இருந்தது. அதைப் பதிய வேண்டிய தகடுதான் திணறிப்போனது. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு நீலமும் புற ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரியும்; பச்சை மங்கல், சிவப்பு இருட்டு. ஜெர்மன் வேதியியலர் ஹெர்மன் ஃபோகல் 1873இல் தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் பதியும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகும் நீலத்தின் மேலிருந்த பாசம் தகடுகளை விட்டு எளிதில் போகவில்லை. பச்சைத் தோட்டமும் மாநிற முகங்களும் ஒழுங்காகப் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் தேவைக்குப் பல மடங்கு ஒளியைக் கொட்டிவிடும். நெகட்டிவில் நீலமும் கறுப்பு, மேகமும் கறுப்பு. அச்சிட்டால் இரண்டும் ஒரே வெள்ளை.

1850களில் சென்னை அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்த கேப்டன் லினேயஸ் டிரைப்புக்கும் இதே தொல்லை. ஓர் அடிக்கும் மேல் அகலமான காகித நெகட்டிவ்கள் அவருடையவை. அவற்றில் சிலவற்றில் தூரிகையை எடுத்து அவரே மேகம் தீட்டிவிட்டார். ஒளி கூடிப்போன நெகட்டிவுக்குச் செய்த மிகப் பழைய வைத்தியங்களில் இதுவும் ஒன்று. நேர்மையானதுதானா என்று கேட்டால் வாதம் நீளும்.

இன்றைய கறுப்பு வெள்ளை பிலிம் எல்லா நிறங்களையும் பார்க்கிறது. ஆனாலும் 4க்கு 5 அங்குலத் தாள் பிலிமைப் பெரிய துருத்திக் கேமராவில் போட்டுப் படம் பிடிப்பவர்கள், ஒளி ஊடுருவாத கரிக்கட்டை போன்ற நெகட்டிவைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து முகம் சுளிப்பது நின்றபாடில்லை. எடுத்தவுடன் சொல்வது ஒன்றுதான்: ‘வெளிச்சம் கூடிப்போச்சு.’ பேராக் போன்ற வெப்ப வட்டாரத்தில் அந்தத் தீர்ப்பு பல சமயம் தவறு.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

பிலிம் என்பது ஜெலட்டின் படலத்தில் பதிந்து கிடக்கும் கோடிக்கணக்கான வெள்ளி உப்புப் படிகங்கள். ஒளி பட்டதும் எதுவும் கறுப்பதில்லை. ஒரு படிகத்தின் மேல் சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒன்றுகூடி ஒரு புள்ளியாகின்றன; நான்கு அணுக்கள் சேர்ந்தாலே போதும். கண்ணுக்கோ சாதாரண நுண்ணோக்கிக்கோ தெரியாத இந்தப் புள்ளிகளின் தொகுப்பை மறைபிம்பம் எனலாம்.

டெவலப்பர் என்ற கரைசலின் வேலை, புள்ளி விழுந்த படிகங்களைத் தேடிப்பிடித்து முழுவதும் வெள்ளி உலோகமாக மாற்றுவது. பொடிப்பொடியான அந்த வெள்ளிதான் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நான்கு அணுவில் தொடங்கியது நூறு கோடி மடங்கு வரை பெருகுகிறது. புள்ளி விழாத படிகங்களைப் பின்னால் வரும் ஹைப்போ என்ற கரைசல் கரைத்துக் கழுவிவிடும்.

ஆக, ஒரு நெகட்டிவ் கறுப்பாவதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. எத்தனை படிகங்களில் புள்ளி விழுந்தது என்பதை ஒளி தீர்மானிக்கிறது. பிலிமுக்குக் கொடுத்த மொத்த ஒளியை ஒளியேற்றம் என்று அழைப்போம். புள்ளி விழுந்தவற்றில் எத்தனை கறுப்பாயின என்பதை டெவலப்பரும் அதன் சூடும் நேரமும் தீர்மானிக்கின்றன. முதல் வாசல் கேமராவில் இருக்கிறது, இரண்டாவது தண்ணீர்த் தொட்டியில்.

இவ்விரண்டும் படத்தின் எல்லா இடத்தையும் ஒரேபோல் தொடுவதில்லை என்பதுதான் துப்பறிவதற்கு வழிவிடுகிறது. நிழலான பகுதியில் புள்ளி விழுந்த படிகங்கள் கொஞ்சம்தான். டெவலப்பர் அவற்றை முதல் சில நிமிடங்களிலேயே முடித்துவிடும். அதன்பின் எவ்வளவு நேரம் ஊறினாலும் கறுப்பாவதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. வெயில் பட்ட பகுதியில் புள்ளி விழுந்தவை ஏராளம், படலத்தின் ஆழம்வரை இருக்கின்றன. நேரம் கூடக்கூட அங்கே கறுப்பு ஏறிக்கொண்டே போகும். நிழல் பெரும்பாலும் ஒளியின் கணக்கு. வெயில் டெவலப்பருக்கும் கட்டுப்பட்டது.

மெழுகுவத்தி வைத்து அளந்த இருவர்

இதை முதலில் எண்களாக அளந்து காட்டியவர்கள் புகைப்படக் கலைஞர்கள் அல்லர். இங்கிலாந்தின் விட்னஸ் நகரத்து இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்ட் என்ற இருவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தகடுகளுக்கு ஒளியை இரட்டித்து இரட்டித்துக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கறுக்கிறது என்று அளந்தார்கள். 1890இல் அந்த ஆய்வு வெளியானது.

அவர்கள் வரைந்த கோட்டுக்கு உடம்பின் பாகங்களை வைத்தே பெயர் வழங்குகிறது. அடியில் மெல்ல வளைந்து எழும் பகுதி கால்விரல். நடுவில் நேராக ஏறும் நீண்ட பகுதி. மேலே சாய்ந்து படுக்கும் பகுதி தோள். நேராக ஏறும் பகுதியில் ஒளி கூடினாலும் நிழலுக்கும் வெயிலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அப்படியே இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு படி கறுக்கும், அவ்வளவே. தோளுக்குப் போய்விட்டால்தான் வெயிலில் இருக்கும் விவரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அழிகின்றன. டிரைப்பின் வானம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இன்றைய பிலிம்களில் நேர்பகுதி மிக நீளம். ஒன்றிரண்டு படி தவறினால் குடி முழுகிவிடாது.

பத்து காஜா பக்கத்தில் ஒரு பால்மரக் காடு

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜாவிலிருந்து கோப்பேங் போகும் சாலை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் துரை ரப்பரில் சம்பாதித்துக் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதைக் கட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்தது. அருகில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது. சுற்றுவட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாக மாறிவிட்டன. ஆங்காங்கே சிறுதோட்டக்காரர்களின் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிற்கின்றன. அப்படி ஒரு காட்டின் ஓரத்தில் ஒரு புகைப்படக்காரர் முக்காலியை ஊன்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

காலை பத்து மணி. மரவரிசைக்கு அடியில் கும்மிருட்டு, வரிசையின் முடிவில் சுள்ளென்று வெயில் விழும் புல்தரை. பிலிமின் வேகம் 125. முன்மரம் முதல் கடைசி மரம்வரை தெளிவாக வேண்டும் என்பதற்காக லென்ஸின் துவாரத்தை 22 என்ற எண்ணுக்குச் சுருக்குகிறார். ஒளிமானியை வெயில் புல்லில் காட்டினால் 1/60 நொடி என்கிறது. நிழலில் இருக்கும் கறுத்த மரப்பட்டையில் காட்டினால் 1/2 நொடி. இரண்டுக்கும் ஐந்து படி இடைவெளி. ஒளியை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ ஒரு படி. ஐந்து படி என்றால் 32 மடங்கு. இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே தாளில் அடக்க வேண்டும்.

நிழல் விவரம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் அவர் 1/2 நொடியை வைத்து ஷட்டரைத் தட்டுகிறார். தவறு அங்கேதான். ஒளிமானிக்குக் கறுப்பு மரப்பட்டை, வெள்ளைச் சுவர் என்றெல்லாம் பேதம் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க என்ன வேண்டுமோ அதைத்தான் சொல்லும். கறுத்த பட்டை கறுப்பாகவே, ஆனால் அதன் சொரசொரப்பு தெரியும்படி பதிய வேண்டுமானால் ஒளிமானி சொன்னதைவிட இரண்டு படி குறைக்க வேண்டும். சரியான நேரம் 1/8 நொடி. அப்போது வெயில் புல், நடுத்தரச் சாம்பலுக்கு மூன்று படி மேலே நின்று, விவரம் கெடாத வெளுப்பாக அச்சில் வரும். 1/2 நொடி கொடுத்ததில் அது ஐந்து படி மேலே போய்விட்டது. தேவைக்கு நான்கு மடங்கு ஒளி.

நான்கு மடங்கு என்றதும் நெகட்டிவ் நான்கு மடங்கு இருண்டுவிடும் என்று தோன்றும். அப்படி ஆவதில்லை. வழக்கமான அளவில் டெவலப் செய்த பிலிமின் நேர்பகுதி, ஒளி ஏறும் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் கறுக்கும். இரண்டு படி கூடுதல் ஒளியால் நெகட்டிவைத் தாண்டி வரும் வெளிச்சம் 100 இருந்த இடத்தில் சுமார் 44 ஆகக் குறையும். அச்சிடும்போது இரண்டு மடங்குக்குச் சற்று மேல் நேரம் கொடுத்தால் படம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். 35 மி.மீ. பிலிமில் இந்தக் கூடுதல் கருமையோடு மணல் போன்ற துகள்களும் துருத்திக்கொண்டு தெரியும். 4க்கு 5 அங்குலத் தாள் அதைப்போல் 15 மடங்கு பரப்பு. அவ்வளவு பெரிதாக்க வேண்டிய தேவையில்லாததால் துகள் தொந்தரவு இல்லை.

அப்படியானால் கரிக்கட்டை நெகட்டிவ் எங்கிருந்து வந்தது?

ஈப்போவின் குழாய்த் தண்ணீர்

அதே புகைப்படக்காரர் வீட்டுக்கு வந்து, பெட்டியில் அச்சிட்ட அட்டவணையைப் பார்க்கிறார். 20 டிகிரியில் 10 நிமிடம் என்று இருக்கிறது என்று கொள்வோம். அந்த 20 டிகிரி குளிர்நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சௌகரியமான எண். ஈப்போவில் ஆண்டு முழுக்கக் காற்றின் சராசரி வெப்பமே 27 டிகிரிக்குப் பக்கம். கூரைமேல் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர் 28க்குக் குறைந்து வருவது அபூர்வம். கைக்கு இதமாகத்தான் இருக்கும், டெவலப்பருக்கோ அது வெந்நீர்.

கேமரன் மலையில் விடிந்தும் பொங்காத தோசை மாவு, கீழே தாப்பாவில் நள்ளிரவுக்கு முன்பே பாத்திரத்தை விட்டு வழிகிற மாதிரிதான் இதுவும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் டெவலப் செய்யும் நேரத்தைச் சுமார் 10 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது தோராயமான விதி. 10 நிமிடம் 21 டிகிரியில் 9 நிமிடமாகும், 22இல் 8 நிமிடம் 6 நொடி. இப்படியே எட்டு முறை குறைத்தால் 28 டிகிரிக்கு 4 நிமிடம் 20 நொடிதான் வருகிறது. அட்டவணையை நம்பி 10 நிமிடமும் ஊற வைத்தால், குளிர்நாட்டில் 23 நிமிடம் ஊற வைத்ததற்குச் சமம்.

விளைவு என்ன? மரவரிசைக்கு அடியில் உள்ள நிழல் அவ்வளவாக மாறாது. வெயில் புல் அசுர வேகத்தில் கறுக்கும். அளவான டெவலப்பில் நிழலுக்கும் அந்தப் புல்லுக்கும் நெகட்டிவில் எட்டு மடங்கு வேறுபாடு இருந்திருக்கும். இப்போது அது இருபது மடங்கைத் தாண்டும். நடுத்தர அச்சுத்தாள் தாங்குவது பத்துப் பன்னிரண்டு மடங்குதான். நிழலுக்கு நேரம் கொடுத்தால் புல் வெளுக்கிறது. புல்லுக்கு நேரம் கொடுத்தால் மரமெல்லாம் தார் பூசியது போலாகிறது.

இந்த வட்டாரத்தில் வெப்பத்தோடு மல்லுக்கட்டியவர்கள் பழைய காலத்திலேயே உண்டு. 1862 வாக்கில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் பேராக்கை ஒட்டிய பினாங்கிலும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலும் சுமார் பத்து மாதம் படம் பிடித்தார். அவரிடம் தொழில் பழகி, அச்சிடும் வேலையையும் உதவியாள் வேலையையும் பார்த்தவர்கள் சென்னையிலிருந்து வந்த இருவர். அவர்கள் கையாண்டது ஈரத் தகடு. ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, காய்வதற்குள் டெவலப் செய்தாக வேண்டும். வெக்கையில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். பின்னாளில் கோடக் நிறுவனம் வெப்பநாடுகளுக்கென்றே டி.கே.-15 என்ற டெவலப்பர் குறிப்பை வெளியிட்டது. அதில் சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது, சூட்டில் ஜெலட்டின் ஊதிக் குழைந்து போகாமல் பிடித்துவைக்க.

இன்று அவ்வளவு சிரமம் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குக் குறைவான நேரத்தில் டெவலப்பர் தாள் முழுக்கச் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகும் என்பதால், 4 நிமிடம் 20 நொடியை அப்படியே பின்பற்றுவது புத்திசாலித்தனமல்ல. இரண்டு வழிகள் உண்டு. டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் கலந்து, அந்தக் கலவைக்கும் அந்தச் சூட்டுக்கும் உரிய நேரத்தைக் கொடுப்பது ஒன்று. ஐஸ் கட்டிப் பையைத் தொட்டியைச் சுற்றியுள்ள தண்ணீரில் மிதக்கவிட்டு 24 டிகிரிக்கு இறக்குவது மற்றொன்று. டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு, அடுத்து வரும் ஹைப்போவையும் கழுவும் நீரையும் 28இலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திடீர் மாற்றத்தில் ஜெலட்டின் சுருங்கித் தோல்போல் வரி விழலாம். எல்லாத் திரவங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பது முக்கியம்.

ஓரம், நிழல், வெயில்

இப்போது கறுத்த நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து விசாரணையைத் தொடங்கலாம். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலில் ஓரம். தாள் பிலிமைச் சட்டத்தில் செருகும்போது இருபக்கமும் மெல்லிய தகட்டு விளிம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த விளிம்புக்கு அடியில் கேமரா ஒளி படாது, எனவே டெவலப் ஆனபின் அங்கே கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். அங்கும் மூட்டம் என்றால், அந்த மூட்டத்தைப் பொறுத்தவரை லென்ஸையும் ஷட்டரையும் உடனே குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம். பழைய பிலிம், வெயிலில் நிறுத்திய காருக்குள் வெந்த பிலிம், இருட்டறைக் கதவிடுக்கு வெளிச்சம், அளவுக்கு மீறிச் சூடான டெவலப்பர் என்று சந்தேகம் வேறு பக்கம் திரும்பும். மாறாக ஓரம் பளிச்சென்றிருந்து, படத்துக்குள் மட்டும் மூட்டம் என்றால் துருத்தியில் ஓட்டை இருக்கலாம். ஈரமும் பூஞ்சையும் தோலைத் தின்னும் ஊரில் இது சாதாரணம். கேமராவுக்குள் ஒரு சிறு டார்ச்சை ஏற்றி வைத்து இரவில் வெளியிலிருந்து பார்த்தால், மடிப்பு மூலைகளில் நட்சத்திரம்போல் ஓட்டைகள் தெரியும்.

அடுத்தது நிழல். பால்மரப் படத்தில் கறுத்த பட்டை விழுந்த இடம். நெகட்டிவில் அது ஏறக்குறைய தெளிவாக, மெல்லிய விவரத்தோடு இருந்தால் கேமராவில் ஒளி சரியாகவே விழுந்திருக்கிறது. அதே இடம் சாம்பலாகத் தடித்துக் கிடந்தால் ஒளியேற்றம் கூடியிருக்கிறது. கடைசியாக வெயில். புல் விழுந்த இடத்தைச் செய்தித்தாளின் மேல் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும் என்பது பழைய ஸ்டூடியோக்காரர்களின் சோதனை. நிழல் மெலிந்து, வெயில் மட்டும் எழுத்தை மறைத்தால் குற்றம் தண்ணீருடையது. இரண்டும் சேர்ந்தே தடித்திருந்தால் குற்றம் கேமராவுடையது. நிழலும் தடித்து, வெயில் கரிக்கட்டையாகி, ஓரத்திலும் லேசான மூட்டம் இருந்தால் இரண்டு தவறும் ஒரே நாளில் நடந்திருக்கின்றன. நம் புகைப்படக்காரருக்கு நேர்ந்தது அதுதான்.

சந்தேகம் தீராதவர்கள் ஒரு தாளைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். முழு இருட்டில் அதிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அதைக் கேமராவில் காட்டாமலே வழக்கம்போல் டெவலப் செய்து பார்க்கலாம். அது கறுத்தால் விசாரணை அங்கேயே முடிந்தது.

கேமராவுக்குள் மூன்று சந்தேக நபர்கள்

குற்றம் கேமராவுடையது என்று முடிவானாலும் அதற்குள் யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்குக் கருமையைப் பார்த்துப் பயனில்லை; படத்தின் தெளிவைப் பார்க்க வேண்டும்.

பெரிய கேமராவில் பின்னாலுள்ள தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தெரிவதற்காக லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துத்தான் குவியம் பார்ப்பார்கள். பிறகு 22க்குச் சுருக்க மறந்துவிட்டால் துவாரம் 5.6இலேயே நிற்கும். நான்கு படி, 16 மடங்கு ஒளி. ஆனால் துவாரம் விரிந்திருந்தால் ஒரே ஒரு மரம்தான் கூர்மையாக இருக்கும். முன்னும் பின்னும் உள்ளவை கலங்கிவிடும். நெகட்டிவ் கறுத்து, ஒரு வரிசை மட்டும் தெளிவு என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

எல்லா மரமும் கூர்மை, இலைகள் மட்டும் தீற்றலாக இழுபட்டிருந்தால் ஷட்டரைப் பிடிக்க வேண்டும். பெரிய கேமராக்களின் லென்ஸ்களில் பல முப்பது நாற்பது ஆண்டு பழசு. உள்ளே இருக்கும் எண்ணெய் பிசினாகி, 1/60 என்று வைத்தால் 1/15 வரை சோம்பும். இதைச் சோதிக்க இன்று கைப்பேசி போதும். நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் மெதுவோட்டக் காணொளியில் ஷட்டர் திறந்து மூடுவதைப் பதிவுசெய்து, திறந்திருக்கும் சட்டங்களை எண்ண வேண்டும். 1/60 நொடிக்கு நான்கு சட்டம் வர வேண்டும். பதினாறு வந்தால் இரண்டு படி போயிற்று.

மரமும் கூர்மை, இலையும் கூர்மை, இருந்தும் எல்லாம் தடிப்பு என்றால் கருவி நிரபராதி. ஒளிமானியை எங்கே காட்டினார், படித்ததை எப்படிக் கணக்கிட்டார் என்று ஆளைத்தான் கேட்க வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரங்கள் இலை உதிர்க்கும்போது காடு திடீரென்று வெளிச்சமாகும். போன டிசம்பரில் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து அப்படியே ஷட்டரைத் தட்டுகிறவர்கள் அப்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

விடியற்கால இருட்டில் வேறொரு பொறி காத்திருக்கிறது. பால்வெட்டு நடப்பது வெயில் ஏறும் முன். பால் நன்றாக இறங்குவது அப்போதுதான். பேராக்கில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியனே எழுகிறது. அந்த நேரத்து மரவரிசையையும் பால் நிறையும் கிண்ணத்தையும் படம் பிடிக்க ஒளிமானி 10 நொடி கேட்கலாம். நெடுநேரம் மங்கலாக விழும் ஒளியைப் பிலிம் முழுமையாகக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் குறையை 1899இல் விதியாக எழுதியவர் கார்ல் ஷ்வார்ஷில்ட். 1916இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு விடை வெளியிட்டு கருந்துளைக் கணக்கைத் தொடங்கி வைத்த அதே வானியலர். குறையை ஈடுகட்ட நேரத்தைக் கூட்ட வேண்டும், சரி. எவ்வளவு என்பதில்தான் வழுக்கல். இல்ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்.பி.4 பிளஸ் பிலிமுக்கு 10 நொடியை 18 நொடியாக்கினால் போதும். கோடக் டிரை-எக்ஸுக்கான பழைய அட்டவணை 50 நொடி என்கிறது. டிரை-எக்ஸின் அட்டவணையை எஃப்.பி.4 பிளஸுக்குப் போட்டால் ஒன்றரைப் படி அதிகம். அதுவும் நியாயமாகத் தேடிப் படித்து, அக்கறையோடு செய்த தவறு.

மருந்து மாறக் கூடாது

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு? மருந்து இரண்டும் வேறு என்பதால்.

எடுத்த எடுப்பில் இரசாயனத்தைத் தொட வேண்டியதில்லை. வெறும் ஒளி கூடிய நெகட்டிவை நேரம் கொடுத்து அச்சிட்டாலே சரியாகும். டெவலப் கூடியதற்கு மென்மையான தாள் அல்லது மாறுபாட்டைக் குறைக்கும் வடிகட்டி தேவை. ஸ்கேனர் தடிப்பைத் துளைக்க முடியாமல் புள்ளி புள்ளியாக இரைச்சல் காட்டினால், வெளிச்சப் பெட்டியில் வைத்து டிஜிட்டல் கேமராவால் நீண்ட நேரம் கொடுத்துப் படம் பிடிப்பது நல்லது. நிழலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என இரண்டு எடுத்து இணைப்பவர்களும் உண்டு. அதையும் மீறினால்தான் கருமைக் குறைப்பி.

அவற்றில் புகழ்பெற்றது ஹோவர்ட் ஃபார்மர் என்ற ஆங்கிலேயர் 1883இல் வெளியிட்ட கலவை. பொட்டாசியம் ஃபெரிசயனைடு வெள்ளியை மறுபடி உப்பாக்கும், ஹைப்போ அந்த உப்பைக் கரைத்து எடுத்துப்போகும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் நெகட்டிவின் எல்லா இடத்திலிருந்தும் ஏறக்குறைய சம அளவு கருமையைச் சுரண்டும். ஒளி கூடியதால் எல்லா இடமும் ஒரேபோல் தடித்த நெகட்டிவுக்கு இது பொருத்தம். வெந்நீரில் வெந்த நெகட்டிவில் ஊற்றினால் பாழ்: நிழலில் ஏற்கெனவே மெலிந்திருக்கும் விவரம் முதலில் கரையும், தொல்லை தரும் வெயில் பகுதி அசையாமல் நிற்கும். அந்த நெகட்டிவுக்கு அம்மோனியம் பெர்சல்ஃபேட் வேண்டும். அது அடர்ந்த இடத்தை அதிகமாகவும் மெலிந்த இடத்தைக் குறைவாகவும் அரிக்கும் விசித்திரமான பொருள். சொன்னபேச்சு கேட்காதது என்ற கெட்ட பெயரும் அதற்கு உண்டு.

நம் பால்மரக் காட்டு நெகட்டிவுக்கு இரண்டு நோயும் இருப்பதால், முதலில் அதை டிஜிட்டலில் நகலெடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு ஃபார்மர் கலவையை மிக நீர்க்கக் கலந்து, பட்டையின் மேலுள்ள மூட்டம் விலகும்வரை மட்டும் காட்டலாம். கலந்த சில நிமிடங்களில் அது வீரியம் இழக்கும் என்பதால் தேவைப்படும்போது கலப்பதே முறை. ஃபெரிசயனைடை அமிலத்தோடு சேர்க்கவே கூடாது. வலுவான அமிலமும் சூடும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையில் உறை இருக்கட்டும். இங்கும் 28 டிகிரி தண்ணீர் வேலையைத் துரிதப்படுத்தும். எனவே பத்து நொடிக்கு ஒருமுறை எடுத்து, ஓடும் நீரில் அலசி, வெளிச்சத்தில் பார்த்து, வேண்டிய அளவுக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். அலசும்போதும் கொஞ்சம் கரையும். அதன்பின் புதிய ஹைப்போவில் சில நிமிடம், பிறகு நெடுநேரக் கழுவல்.